கொலோனோஸ்கோப்பி அண்ணன்

உங்கள் ஊரிலும் இவர் இருக்கிறார். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் வரிசையில், துக்க வீட்டுச் சாமியானா நிழலில், பால் சொசைட்டியில் கேனோடு நிற்கும் கூட்டத்தில், யாரோ ஒருவர் வயிற்றைத் தடவிக்கொண்டு "ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்குமே, அவர்தான். டாக்டர் அல்ல. கம்பவுண்டரும் அல்ல. மருந்துக் கடையில்கூட வேலை பார்த்ததில்லை. ஆனால் சொந்தத்தில் யாருக்கோ பெரிய சோதனை ஒன்று நடந்தபோது கூடவே போய் வந்தவர். ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையில் கற்றதை ஊர் முழுவதற்கும் சொல்லி முடிக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று கிளம்பியவர். இந்த இனத்துக்கு எல்லா ஊரிலும் பெயர் வைத்திருக்கிறார்களா என்று தெரியாது. மல்லூர்ப் பக்கம் வைத்துவிட்டார்கள்: கொலோனோஸ்கோப்பி அண்ணன்.

இயற்பெயர் குணசீலன். வயது ஐம்பத்தெட்டு. பத்தாம் வகுப்பு. லாரி உதிரிபாகக் கடையில் முப்பது வருடம் ஸ்டோர் பார்த்தவர். எந்த போல்ட் எந்தத் தட்டில் எத்தனை கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எதையும் எழுதி வைப்பார். எழுதியதற்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். அப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரு மருத்துவச் சொல் கிடைத்தால் சும்மா விடுவாரா?

கிடைத்தது போன தை மாதத்தில். தங்கை வசந்தாமணிக்கு வயிற்றில் நாள்பட்ட தொந்தரவு. சேலத்து டாக்டரம்மா ஒரு சீட்டில் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஒருவருக்கும் அதை வாயில் நுழைக்கத் தெரியவில்லை. வசந்தாமணி அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணன்தான் சீட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லாரி கியர் பாக்ஸைக் கழற்றி வைப்பது போல அந்தச் சொல்லைக் கழற்றி வைத்தார். "கொலோன்னா பெருங்குடலு கண்ணு. ஸ்கோப்பின்னா எட்டிப் பாக்கறது. ஆக மொத்தம், ஒரு டியூப்பு நுனியில கேமரா வெச்சு, பின்னால இருந்து உள்ள உட்டு, குடலு செவுரு நல்லா இருக்குதான்னு பாக்கறாங்க. அவ்வளவுதான். இதுக்குப் போயி அழுவாங்களா?"

அழுகை நின்றது. அன்றிலிருந்து அண்ணன் நிற்கவில்லை.

சோதனைக்கு முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்துத் தண்ணீரை எத்தனை மணிக்கு எத்தனை டம்ளர் குடிக்க வேண்டும், எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு கால அட்டவணை தயாரித்தார். அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கி வந்து தங்கை வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். அதன் கடைசி வரி 'பயப்பட ஒன்றும் இல்லை'. சிவப்பு மையில், அடியில் மூன்று கோடு. வசந்தாமணியின் குடலில் இரண்டு சிறு சதை வளர்ச்சிகள் இருந்தன. டாக்டரம்மா அந்த டியூப் வழியாகவே அவற்றை எடுத்துவிட்டு, அறை வாசலில் நின்றபடியே குணசீலனைப் பார்த்துத் தெளிவாக ஒரு விஷயம் சொன்னார்:

"இது குடும்பத்துல வரலாம். கூடப் பிறந்தவங்க எல்லாரும் இந்த டெஸ்ட் பண்ணிக்கணும். மூத்தவரு நீங்கதானே? ஒரு மாசத்துக்குள்ள வந்துடுங்க."

"கண்டிப்பா வாரேனுங்க" என்றார் குணசீலன். நோட்டை எடுத்தார். எழுதினார்: 'தம்பிக்குச் சொல்ல வேண்டும்.' அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

சொன்னாரா? சொன்னார். ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த தம்பி தமிழரசுவுக்குப் பதினோரு முறை போன் செய்தார். பாறையில் பிட் இறங்கும் சத்தத்துக்கு மேலே கத்தி, குடலைப் பற்றி விளக்கினார். தாங்க முடியாமல் தமிழரசு பொங்கலுக்கு மறு மாதமே ஊருக்கு வந்து சோதனையை முடித்துவிட்டு, ஒன்றுமில்லை என்ற ரிப்போர்ட்டை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறினான். தம்பி பெயருக்கு நேராக 'முடிந்தது' என்று எழுதினார் அண்ணன்.

பிறகு ஊர்.

அவர் விளக்கும் அழகை நீங்கள் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும். "நாமக்கல்ல பஸ் ஏறறோம்னு வெச்சுக்குங்க. கேமரா அங்கதான் உள்ள போவுது. புதுச்சத்தரம் தாண்டுனா ஒரு வளைவு. ஆண்டகளூர் கேட்டு ஒரு வளைவு. அப்பறம் நம்ம மல்லூரு. பயப்படாதீங்க, ஏற்காட்டுக்கே இருவது வளைவு, இதுக்குப் பெரிய வளைவு மூணே மூணுதானுங்க. சேலம் போயிட்டா பெருங்குடலு முடிஞ்சுது. அதுக்கு மேல சிறுகுடலு. அது வேற பஸ்ஸுங்க." கேட்பவர் அதற்குள் தன் வயிற்றில் கண்டக்டர் விசில் அடிப்பதை உணர ஆரம்பித்திருப்பார்.

தோட்டத்து ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டிப் பையிலேயே வைத்திருந்தார். செல்போன் டார்ச்சை ஒரு முனையில் வைத்து மறு முனையில் கண்ணை வைக்கச் சொல்வார். பஞ்சாயத்துக்காரர்கள் தெருச் சாக்கடை அடைப்பில் மூங்கில் கழியை விட்டுக் குத்தினாலும் விடமாட்டார். "இதுவும் ஒரு கொலோனோஸ்கோப்பிதானுங்க. ஆனா கேமரா இல்லாம குத்தறீங்க பாருங்க, அதான் தப்பு." கழிக்காரர் ஒரு நிமிடம் அவரையும் கழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிரிக்காதீர்கள். அந்தச் சொல்லின் பயனை நாம் குறைத்து எடை போடக்கூடாது. நம் பக்கம் உடம்பின் அந்தப் பகுதிக்குப் பெயரே கிடையாது. 'கீழ' என்போம், 'பின்னால' என்போம், 'அங்க' என்போம். பத்து வருடம் ரத்தம் போனாலும் 'சூடு' என்று சொல்லி மோர் குடிப்போம். இப்படி வாய் பொத்திக் கிடந்த ஊரில், கொலோனோஸ்கோப்பி என்ற சொல் இடுப்பில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிவிட்டது போல ஆயிற்று. துண்டைக் கட்டிக்கொண்டு மலக்குடல் மரியாதையாகச் சபைக்கு வந்தது. சம்பந்தி முன்னாலும் பேசலாம், சாமியார் முன்னாலும் பேசலாம். பால் சொசைட்டிச் செயலாளர் போய் வந்தார். டீக்கடை யோகேஷின் அப்பா போய் வந்தார். டீச்சர் சுகன்யா மாமியாரை அழைத்துக்கொண்டு போய் வந்தாள். ஒன்பது பேர் பெயருக்கு நேராக 'முடிந்தது'. அதில் ஒருவருக்கு உண்மையிலேயே உயிர் பிழைப்பு. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அப்படியானால் கேலி எதற்கு என்கிறீர்களா?

ஆடி மாதத்தில் குணசீலன் வீட்டில் மூன்று மாறுதல்கள் நடந்தன. முதலாவது, பிறந்ததிலிருந்து பீட்ரூட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பும் மனிதர் வாரத்தில் நான்கு நாள் பீட்ரூட் பொரியல் கேட்டார். இரண்டாவது, வேலி ஓரத்துத் துத்தி இலையைப் பறித்து வந்து, "கீரையாட்டம் வதக்கிப் போடு, ஒடம்புக்கு நல்லது" என்றார். மூன்றாவது, காலையில் கழிப்பறைக்குப் போகும்போது செல்போனைக் கொண்டுபோனார்.

மனைவி பூவாத்தாள் பொறுமைசாலி. ஆவணி முடியும் வரை பார்த்தாள்.

"ஏனுங்க, உள்ளதான் கரண்டு லைட்டு எரியுதுங்களே, டார்ச்சு எதுக்குங்க?"

"டார்ச்சா? சிக்னலு பாத்தேன்."

"கக்கூசுக்குள்ள உக்காந்து யாருக்குங்க சிக்னலு பாக்கறீங்க?"

பதில் என்ன, அவருக்கே தெரியும். ஒரு காலையில் சிவப்பாகப் பார்த்தார். மறு வாரமும் பார்த்தார். யாராவது இதே விஷயத்தை வந்து சொல்லியிருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு நாமக்கல்லில் பஸ் ஏற்றியிருப்பார். தன் விஷயத்தில் பீட்ரூட் ஏற்றினார். பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்புக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது அல்லவா? சாப்பிடாத நாட்களிலும் சிவப்பு இருந்தால் என்ன செய்வது? சாப்பிடாத நாளே இல்லாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. கணக்கு சரி. முப்பது வருடம் ஸ்டோர் பார்த்தவர்.

பூவாத்தாள் பீட்ரூட்டையும், மூலத்துக்குக் கைமருந்தான துத்தி இலையையும், டார்ச்சையும் கூட்டிப் பார்த்து, நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

வசந்தாமணி மறுநாள் காலையில் வந்து இறங்கினாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த நோட்டக் குடுங்கண்ணா."

"எந்த நோட்டு?"

"அந்த நோட்டுதான்."

வாங்கிப் புரட்டினாள். உரக்கப் படித்தாள். "தங்கை, முடிந்தது. தம்பி, முடிந்தது. செயலாளர், முடிந்தது. யோகேஷ் அப்பா, முடிந்தது. ஏனுங்ணா, உங்க பேரு எந்தப் பக்கத்துல இருக்குது?"

"நாந்தான எழுதறவன். எழுதறவன் பேர எழுதுவாங்களா கண்ணு?"

"டாக்டரம்மா அன்னிக்கு உங்களுக்குச் சொன்னப்ப நான் மயக்கத்துல கெடந்தேன்னு நெனச்சுட்டீங்களா? காதுல உளுந்துச்சுங்க. ஒரு மாசத்துக்குள்ளன்னாங்க. எட்டு மாசமாச்சு."

"ஆடி மாசம் யாராச்சும் ஆசுபத்திரி..."

"ஆடி முடிஞ்சு போச்சு."

"ஆவணியில அடுக்கடுக்கா முகூர்த்தம்..."

"அதும் முடிஞ்சுது."

"பொரட்டாசி சனிக்கெழம வெரதம் இருக்குதில்லம்மிணி."

"வெரதந்தான? வகுறு காலியாத்தான் இருக்கும். சனிக்கெழமையே போலாம்." நோட்டை மூடி நீட்டினாள். "எனக்கு இருந்தத எடுத்தாங்க. உங்களுக்கும் இருந்துச்சுன்னா? அப்பன் என்ன நோவுல போனாருன்னு நமக்குத் தெரியுமா? வகுத்து நோவுன்னாங்க. அவ்வளவுதான் தெரியும். எனக்குன்னு இருக்கறது ஒரே ஒரு மூத்த அண்ணன்."

குணசீலன் நோட்டை வாங்கிக்கொண்டார். சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: வெளியில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. குறிப்பாகப் பையனுக்குப் பெண் கொடுத்த ஆத்தூர்ச் சம்பந்திக்கு.

கவனித்தீர்களா? கொலோனோஸ்கோப்பியைப் பற்றித் தாலுக்கா முழுவதும் பேசியவர், அது தனக்கு என்றதும் வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, தங்கை வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து பெயர்த்து எடுத்து வரப்பட்ட அவருடைய அட்டவணை அவர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டப்பட்டது. முதல் டம்ளர். அட்டவணையில் அவரே எழுதியிருந்தார்: 'ருசி: இளநீரில் உப்புப் போட்டது போல் இருக்கும்.' எழுதியபோது அவர் குடித்துப் பார்த்திருக்கவில்லை. இப்போது குடித்தார். துணி துவைத்த தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தது போல இருந்தது. 'பயப்பட ஒன்றும் இல்லை' என்ற சிவப்பு வரியைப் பார்த்தார். இதை எவன் எழுதினான் என்று கோபம் வந்தது.

ஐந்து மணிக்குள் அட்டவணைப்படி எல்லாம் நடக்க ஆரம்பித்தது. அட்டவணையில் 'நான்கைந்து முறை போக நேரிடும்' என்று எழுதியிருந்தது. அதுவும் திருத்தப்பட வேண்டிய வரிதான்.

ஐந்தே முக்காலுக்கு வாசலில் கார் நின்றது.

ஆத்தூர்ச் சம்பந்தி குருமூர்த்தி. ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், ஆட்டையாம்பட்டியில் நிறுத்திக் கைமுறுக்கு வாங்கிக்கொண்டு, போகிற வழிக்கு ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்துவிட்டார். மல்லூர் அவர் போகிற வழியில் இல்லைதான். ஆனாலும் சம்பந்திகள் வழி பார்த்தா வருகிறார்கள்?

"வாங்க சம்பந்தி, வாங்க வாங்க."

"என்ன சம்பந்தி, முகமெல்லாம் வாடிக் கெடக்கு?"

"வெயிலுங்க."

வெளியே தூறிக்கொண்டிருந்தது.

குருமூர்த்தி உட்கார்ந்தார். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். எள்ளும் சீரகமும் தெரிய, தங்க நிறத்தில், இப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது போல. குணசீலன் வயிற்றுக்குள் லாரி ஏர் பிரேக் விட்டது. "மோட்டாரு ஓடுதுங்க, ஆப் பண்ணிட்டு வாரேன்" என்று எழுந்து பின்பக்கம் போனார். வந்தார். சம்பந்தி மகளைப் பற்றி, பேத்தி யுவஸ்ரீயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மறுபடியும் ஏர் பிரேக். "மோட்டாரு ஆப் ஆச்சான்னு பாத்துட்டு வாரேனுங்க." வந்தார். மூன்றாம் முறையும் எழுந்தபோது குருமூர்த்தி கேட்டார்:

"அந்த மோட்டார் இன்னுமா ஓடுது?"

"பழைய மோட்டாருங்க. நிக்கமாட்டேங்குது."

திரும்பி வந்து உட்கார்ந்ததும் குருமூர்த்தி முறுக்கை நீட்டினார். "நானும் அப்பவே இருந்து பாக்குறேன், கைய வைக்க மாட்டேங்கிறீங்க. எடுத்துக்குங்க. பொண்ணு குடுத்த எடம், நாங்க கொண்டாந்தத வேணாம்னு சொல்லலாமா?"

ஒரே ஒரு வாக்கியம். 'நாளைக்கு எனக்கு கொலோனோஸ்கோப்பி.' இதைச் சொன்னால் முடிந்தது. நாற்பது பேரிடம் தடங்கல் இல்லாமல் சொன்ன சொல். போன பங்குனியில் இதே சம்பந்திக்கே ரப்பர் குழாயில் கண்ணை வைக்கச் சொல்லி விளக்கியிருக்கிறார். வாயைத் திறந்தார். 'எனக்கு' வரை வந்தது. துண்டு அவிழ்ந்து விழுவது போல இருந்தது.

"எனக்கு... முறுக்குன்னா ரொம்பப் புடிக்குமுங்க" என்றார்.

எடுத்தார். கடித்தார். கதவோரம் நின்ற பூவாத்தாளின் கண் இரண்டும் வெளியே வந்தன. அவளாலும் சொல்ல முடியவில்லை. சம்பந்தி முன்னால் புருசனின் குடலை எந்த மனைவி பேசுவாள்? "ஒண்ணோட நிறுத்தக் கூடாது சம்பந்தி" என்று குருமூர்த்தி இன்னொன்றையும் கையில் வைத்தார். அதுவும் போயிற்று. அட்டவணையில் 'ஒரு பருக்கைகூடத் தொடக்கூடாது. எள், சீரகம் அறவே கூடாது' என்ற வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. போட்டது அவர்தான்.

சனிக்கிழமை காலை, ஒருக்களித்துப் படுக்க வைத்து, அரை மயக்கத்துக்கு ஊசி போட்டார்கள். அரை மயக்கத்திலும் அவர் அவராகவே இருந்தார்.

"டாக்டரம்மா, ஆண்டகளூர் கேட்டு வந்துருச்சுங்களா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் ராசிபுரத்துக்காரி. "இன்னும் புதுச்சத்தரமே தாண்டலீங்க, அமைதியாப் படுங்க" என்றாள்.

சற்று நேரத்தில் டாக்டரம்மாவின் குரல் மாறியது. "என்ன இது, வழியெல்லாம் எள்ளு? பெரியவரே, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. பெரியவர் அந்த நேரம் பார்த்து முழு மயக்கத்துக்குப் போய்விட்டார்.

கழுவிக் கழுவிப் பார்த்தார்கள். பாதி வழியில், எள்ளுக்கும் சீரகத்துக்கும் நடுவில், சுண்டைக்காய் அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. எடுத்தார்கள். அதற்கு மேல் போக முடியவில்லை. வெளியே வந்து டாக்டரம்மா வசந்தாமணியிடம் சொன்னார்: மீதிப் பாதியைப் பார்க்க அடுத்த சனிக்கிழமை திரும்ப வர வேண்டும். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது. ரிசல்ட் வரட்டும். "எட்டு மாசம் முன்னாடியே வரச் சொன்னேனே" என்றார். அதுதான் வசந்தாமணிக்கு உறைத்தது.

அந்த ஒரு வாரம் மல்லூரில் யாருக்கும் எதுவும் விளக்கப்படவில்லை. பால் சொசைட்டியில் ஒருவர் வயிற்றைத் தடவினார், நாற்காலி இழுபடவில்லை. குணசீலன் வீட்டுக்குள் உட்கார்ந்து, நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தாமணி தன் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கினாள். ஒரு நாள் பேச்சுவாக்கில், "அந்த சேலம் பஸ் கதைய எனக்குச் சொல்லுங்கண்ணா, கேக்கலாம்" என்றாள். "அத எதுக்கு இப்ப" என்றார் அண்ணன். ஸ்கேலை எடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே எழுத ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. கெட்டது இல்லை. ஆனால் விட்டிருந்தால் கெட்டதாக ஆகக்கூடிய ரகம். சரியான நேரத்தில், முறுக்கையும் மீறிக் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாள் மீதிப் பாதியும் சுத்தம். இந்த முறை முந்தின நாள் சாயங்காலம் வாசல் கேட்டைப் பூட்டி, சாவியை வசந்தாமணி இடுப்பில் செருகியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சம்பந்திக்குப் போன் செய்தார் குணசீலன். இனிமேல் மறைப்பதில்லை என்று முடிவு.

"சம்பந்தி, எனக்கு கொலோனோஸ்கோப்பி பண்ணுனாங்க. நீங்க வந்தன்னிக்கு நான் மருந்து குடிச்சிருந்தேனுங்க."

குருமூர்த்தி மெதுவாகச் சொன்னார்: "மூணாவது தடவ மோட்டார் ஆஃப் பண்ணப் போனீங்க பாருங்க, அப்பவே எனக்குச் சந்தேகம். ரெண்டு வருசம் முன்னாடி எனக்கும் பண்ணாங்க. நான் கார்ல செல்போன வெச்சுட்டு வந்துட்டேன், கார்ல செல்போன வெச்சுட்டு வந்துட்டேன்னு ஏழு தடவ எழுந்து போனேன்."

"அட சம்பந்தி! தெரிஞ்சா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க? முறுக்கயும் குடுத்துட்டீங்களே!"

"எப்படிக் கேக்குறது? கேட்டா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேப்பீங்களே!"

குணசீலன் இப்போது பழையபடி வெளியே வருகிறார். ரப்பர் குழாய் பையில் இருக்கிறது. நோட்டில் கடைசிப் பெயராக அவர் பெயர் ஏறியிருக்கிறது, நேராக 'முடிந்தது (இரண்டு முறை)'. அட்டவணையில் ருசி பற்றிய வரி திருத்தப்பட்டுவிட்டது. பயம் பற்றிய வரியும்: 'பயமாகத்தான் இருக்கும். போய்விட்டு வரவும்.' விளக்கத்தில் முறுக்குக்கென்று தனியாகக் கால் மணி நேரம் சேர்ந்திருக்கிறது. ஆகவே அவரை எங்கேயாவது பார்த்தால் நேரம் ஒதுக்கிக்கொண்டு நில்லுங்கள்.

போகட்டும், உங்களைப் பற்றி ஒரு சந்தேகம். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, மாமாவுக்கு இதை அனுப்ப வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும், ஆபீசில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிகிற அந்த மனிதரைக் கட்டாயம் டாக்டரிடம் கிளப்ப வேண்டும் என்று மூன்று பெயர்களை மனசுக்குள் எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டீர்கள் அல்லவா? நல்ல காரியம். செய்யுங்கள்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் எத்தனை நாள் பீட்ரூட்?